எல்லாக் கட்டியும் கொழுப்புக் கட்டி அல்ல

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்குழுக் கூட்டத்திற்குப் பிறகு நடந்த மருத்துவ விழிப்புணர்வு நிகழ்ச்சியில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சை மருத்துவர் ஆற்றிய உரை. வர இயலாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம். – ஆசிரியர் குழு)



தண்ணீர்த் தொட்டி விவகாரமும் பராமரிப்புக் கட்டண விவகாரமும் ஒருவழியாக முடிந்த பிறகு எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரை, பிரஷர் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். அதைப் பற்றி இங்கே இருப்பவர்கள் என்னைவிட நன்றாகவே பேசுவீர்கள். அதனால் அதிகம் யாரும் பேசாத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். உடம்பில் வரும் கட்டிகள். அதிலும் ஒரே ஒரு வகை.

போன மாதம் லிஃப்டில் நம் குடியிருப்பு நண்பர் ஒருவர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினார். முழங்காலுக்குப் பின்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. “சார், இது கொழுப்புக் கட்டிதானே? பத்து வருஷமா இருக்கு. குற்றாலத்துல எண்ணெய் தேய்ச்சு விடுறவர், நாலு தடவை நல்லா அமுக்கித் தேய்ச்சா கரைஞ்சிரும்ங்கிறார்” என்றார். நான் பதில் சொல்லாமல் விரல் நுனியால் அந்தக் கட்டியின் மேல் லேசாக ஒரு தட்டுத் தட்டினேன். “ஐயோ!” என்று காலை இழுத்துக்கொண்டார். உள்ளங்கால் வரைக்கும் கரண்ட் பாய்ந்த மாதிரி இருந்ததாம்.

கொழுப்புக் கட்டியைத் தட்டினால் கரண்ட் பாயாது. அது நரம்பின் உறையில் வளர்ந்த கட்டி என்று ஸ்கேனில் பிறகு உறுதியானது. அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். அவரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நரம்பு உறைக் கட்டி என்றால் என்ன? நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்சார ஒயரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செம்புக் கம்பி, மேலே பிளாஸ்டிக் உறை. நம் கை கால்களில் ஓடும் நரம்பும் ஏறக்குறைய அப்படித்தான். உள்ளே செய்தியைக் கொண்டுபோகும் நார்கள். அந்த நார்களைச் சுற்றி உறை போட்டுக் காப்பவை ஒரு வகைச் செல்கள். 1839இல் ஜெர்மனியைச் சேர்ந்த தியோடர் ஷ்வான் இவற்றை விவரித்து எழுதியதால் இவற்றுக்கு ஷ்வான் செல்கள் என்றே பெயர். இந்த உறைச் செல்கள் சில சமயம் ஓரிடத்தில் அளவுக்கு மீறிப் பெருகி உருண்டையாகத் திரளும். அதுதான் ஷ்வான்னோமா. 1910இல் ஹோசே வெரோகே என்ற நோய்க்கூறு மருத்துவர், இது உறையிலிருந்து வரும் தனி வகைக் கட்டி என்று எடுத்துக்காட்டினார்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இது புற்றுநோய் அல்ல. மிக மெதுவாக வளரும். வேறு உறுப்புக்குப் பரவாது. புற்றாக மாறுவது மிக மிக அரிது. பத்துப் பேருக்கு வந்தால் ஏறக்குறைய ஒன்பது பேருக்கு ஒரே ஒரு கட்டிதான் இருக்கும். பரம்பரைக் காரணமும் இருக்காது. பெரும்பாலும் இருபது வயதிலிருந்து ஐம்பது, அறுபது வயது வரை உள்ளவர்களிடம் பார்க்கிறோம்.

அப்படியானால் இதைப் பற்றி ஏன் இவ்வளவு நேரம் பேச வேண்டும்? கட்டியால் வரும் கெடுதலைவிட, அது என்னவென்று தெரியாமல் அதில் கை வைப்பதால் வரும் கெடுதல் அதிகம். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நானே செய்த தவறிலிருந்து சொல்கிறேன்.

1980களின் பிற்பகுதி. நான் படிப்பை முடித்து ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. கீழப்பாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். பீடி சுற்றும் வேலை. வலது முன்கையில், மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே, சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கட்டி. வலி அதிகமில்லை. சொளவை மடியில் வைத்துக்கொண்டு இலையைச் சுருட்டும்போது கட்டி எங்காவது இடித்தால் விரல் நுனி வரை சுள்ளென்கிறது என்றார்கள். அந்த ஒரு சொல்லிலேயே நோய் இருந்தது. எனக்குக் காது கேட்கவில்லை. “கொழுப்புக் கட்டிம்மா, பத்து நிமிஷ வேலை” என்றேன்.

மரத்துப்போகும் ஊசி போட்டுத் தோலைத் திறந்தேன். வெளிர் மஞ்சளாக, பளபளவென்று ஒரு உருண்டை தெரிந்தது. அதன் மேல் நாடா போல ஏதோ படர்ந்திருந்தது. அது கட்டியின் தோல் என்று நினைத்து, மேலும் கீழும் வெட்டி முழுசாக எடுத்துவிட்டேன். அந்த நாடாதான் கையின் நடு நரம்பு. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றுக்கும் தொடு உணர்வு கொடுப்பது அது.

தையல் பிரிக்க வந்த அன்றைக்கு அந்த அம்மா திட்டவில்லை. விரலை என் முன்னால் நீட்டி, “டாக்டரய்யா, இலை விரல்ல தெரிய மாட்டேங்குதே” என்றார்கள். அவ்வளவுதான். பீடி சுற்றுகிறவர்களுக்குக் கண் வேண்டாம், விரல் நுனி போதும். பேசிக்கொண்டே, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சுற்றிவிடுவார்கள். அந்த விரல் நுனியைத்தான் நான் எடுத்துவிட்டேன். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு தசைநாணை இடம் மாற்றி வைத்துக் கட்டைவிரல் அசைவை ஓரளவு மீட்டுக் கொடுத்தார்கள். உணர்வு திரும்பவில்லை. அந்த அம்மா பீடிக் கட்டை விட்டுவிட்டு வயல் வேலைக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு முப்பது வருடம் கத்தி பிடித்தேன். கட்டி என்று யார் வந்தாலும் முதலில் தட்டிப் பார்ப்பேன். நரம்பின் மேல் தட்டினால் அது போய்ச் சேரும் இடம் வரை சுள்ளென்று பாயும். முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைப் பரிசோதித்து 1915இல் ஜூல் தினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்த அடையாளம் அது. மிஷின் வேண்டாம், காசு வேண்டாம், ஒரு விரல் போதும். அந்த ஒரு விரலை அன்றைக்கு நான் பயன்படுத்தவில்லை.

சரி, இந்தக் கட்டி எங்கெங்கே வரும்? ஷ்வான் செல் இருக்கும் எந்த இடத்திலும் வரலாம். முடியிலும் நகத்திலும் நரம்பு இல்லை, அங்கே வராது. கண்ணின் பார்வை நரம்பு மூளையின் நீட்சி, அதன் உறை வேறு செல்லால் ஆனது, அதிலும் வராது. மற்றபடி இடம் பார்க்காது. தலையும் கழுத்தும் கை கால்களும் வழக்கமான இடங்கள். நாம் எதிர்பார்க்காத இடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று, நாக்கு. நாக்கின் ஓரத்தில் வலியில்லாத சின்ன உருண்டையாக இருக்கும். பல் குத்திய இடம் என்று நினைப்போம். ஆனால் ஒரு எச்சரிக்கை. உருண்டை வேறு, ஆறாத புண் வேறு. வாயில் மூன்று வாரமாகியும் புண் ஆறவில்லை என்றால், அதுவும் பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கம் இருந்தால், உடனே காட்ட வேண்டும். அங்கே நாம் தேடுவது புற்றுநோயை.

இரண்டு, மூக்கு. ஒரு பக்கம் மட்டும் மாதக்கணக்கில் அடைத்துக்கொண்டே இருக்கும். சைனஸ் என்று ஆவி பிடித்துக்கொண்டிருப்போம்.

மூன்று, கழுத்து. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. நரம்பு மேலிருந்து கீழாக ஓடுவதால், அதில் முளைத்த கட்டியைப் பக்கவாட்டில் அசைக்கலாம், மேலும் கீழும் அசைக்க முடியாது. கயிற்றில் கோத்த மணி மாதிரி. சிலருக்கு அதை அழுத்தினால் இருமல் வரும். கழுத்தில் ஓடும் வேகஸ் என்ற பெரிய நரம்பில் கட்டி இருப்பதன் அடையாளம் அது.

நான்கு, இரைப்பை. ரத்தசோகைக்குக் காரணம் தேடி எண்டோஸ்கோப்பி செய்யும்போது தெரியவரும். இரைப்பையில் வேறு வகைக் கட்டிகள்தான் அதிகம். வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒன்று போலிருக்கும். திசுவை எடுத்து எஸ்-100 என்ற சாயப் பரிசோதனை செய்தால் நரம்பு உறையிலிருந்து வந்ததா என்று சொல்லிவிடலாம்.

ஐந்து, வயிற்றின் பின்புறமும் இடுப்புக் கூட்டின் உள்ளும். அங்கே தாராளமாக இடம் இருப்பதால் தேங்காய் அளவு வளரும் வரைக்கும்கூடச் சத்தமில்லாமல் இருக்கும். மாஸ்டர் செக்கப் ஸ்கேனில் எதிர்பாராமல் தெரிந்து, வீடே நாலு நாள் தூங்காது. ரிப்போர்ட்டில் ‘கட்டி’ என்ற வார்த்தையைப் பார்த்தவுடன் முடிவு கட்டிவிடாதீர்கள். முழுப் பரிசோதனையும் முடியட்டும்.

ஆறு, தொடை. தொடையின் பின்னால் ஓடும் பெரிய நரம்பில் வந்தால், காலில் இறங்கும் வலி டிஸ்க் விலகிய வலி போலவே இருக்கும். முதுகு எம்ஆர்ஐ எடுத்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. மரப்பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும் கால் சுள்ளென்கிறது என்பார்கள். முதுகில் பதில் கிடைக்கவில்லை என்றால் தொடையையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஏழாவது, காது. உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் சமநிலை நரம்பின் உறையில் வரும் கட்டி. இது அரிதான இடம் என்றுகூடச் சொல்ல முடியாது. மண்டை ஓட்டுக்குள் வரும் ஷ்வான்னோமாக்களில் பெரும்பாலானவை இதுதான். ஒரு காதில் மட்டும் கேள்வித்திறன் குறையும், இரைச்சல் கேட்கும், நடையில் தள்ளாட்டம் வரும். வயசாகிவிட்டால் இரண்டு காதும் சேர்ந்துதான் மந்தமாகும். செல்போனை இடது காதில் வைத்தால் பேச்சு புரிகிறது, வலது காதில் வைத்தால் சத்தம் மட்டும் கேட்கிறது என்றால், காது மருத்துவரிடம் போய் கேள்வித்திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தேவைப்பட்டால் அவரே எம்ஆர்ஐ எழுதுவார்.

ஒரு காலத்தில் இந்தக் காதுக் கட்டி வந்தவர்களுக்கு நம் நாட்டில் போக்கிடமே இல்லை. 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். இன்றைக்குச் சிறிய கட்டியென்றால் வருடம் ஒரு ஸ்கேன் எடுத்துக் கவனித்து வருகிறார்கள். வளர்ந்தால் கதிர்வீச்சோ அறுவை சிகிச்சையோ செய்கிறார்கள். எல்லாருக்கும் உடனே மண்டையைத் திறப்பதில்லை.

இனி, வீட்டில் எப்படிச் சந்தேகப்படுவது? கொழுப்புக் கட்டி மெத்தென்று இருக்கும், விரலுக்கு வழுக்கிக்கொண்டு எல்லாப் பக்கமும் நகரும், வலிக்காது. நரம்பு உறைக் கட்டி ரப்பர் பந்து போலக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், பக்கவாட்டில் மட்டும் அசையும், தட்டினால் சுள்ளென்று ஓடும். எல்லாருக்கும் ஓடாது. ஆனால் ஓடினால், அந்தக் கட்டியை அப்படியே விட்டுவிட்டு மருத்துவரிடம் வாருங்கள்.

அடுத்து, செய்யக் கூடாதவை. அமுக்கித் தேய்க்கக் கூடாது. சாரல் காலத்தில் அருவிக் குளியலுக்கு முன்னால் எண்ணெய் தேய்த்துக்கொள்வது நமக்கெல்லாம் பிடித்த விஷயம். தேய்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கட்டி இருக்கும் இடத்தைக் காட்டி, “அண்ணே, இங்க மட்டும் கை வைக்காதீங்க” என்று முன்பே சொல்லிவிடுங்கள். நூல் கட்டி இறுக்கக் கூடாது. சூடு போடக் கூடாது. ஊசியால் குத்தி நீர் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஸ்கேன் பார்த்த பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள். நரம்புக் கட்டியில் ஊசி இறங்கினால் உயிர் போகிற வலி வரும்.

முதலில் அல்ட்ராசவுண்ட். கட்டி நரம்போடு சேர்ந்திருக்கிறதா என்று பல நேரம் அதிலேயே தெரிந்துவிடும். பிறகு எம்ஆர்ஐ. அறுவை சிகிச்சை தேவையா என்பது அடுத்த கேள்வி. சின்னக் கட்டி, தொந்தரவு இல்லை, வளரவில்லை என்றால் கவனித்துக்கொண்டிருந்தாலே போதும். வலி, மரத்துப்போதல், பலவீனம், வளர்ச்சி இருந்தால் எடுக்க வேண்டும்.

எடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஷ்வான்னோமா நரம்பு நார்களைத் தின்னாது, ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு வளரும். அதனால் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்து, நார் இல்லாத இடமாகத் தேடி, நரம்பு ஓடும் திசையிலேயே உறையைக் கீறி, உள்ளேயிருக்கும் கட்டியை மட்டும் வெளியே எடுத்துவிடலாம். பனங்காயைச் சீவி, பெருவிரலை விட்டு நுங்கை உடையாமல் எடுக்கிறோம் இல்லையா, அது மாதிரி. காய் இருந்த இடத்தில் இருக்கும், நுங்கு மட்டும் வரும். கொஞ்ச நாள் மதமதப்பு இருக்கலாம். பெரும்பாலும் சரியாகிவிடும். முழுதாக எடுத்தால் திரும்ப வருவதும் குறைவு. பீடி சுற்றிய அந்த அம்மாவுக்கு நான் செய்திருக்க வேண்டியது இதுதான்.

இதற்கு நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது, நியூரோஃபைப்ரோமா. அதில் நாரும் கட்டியும் சோறும் குழம்பும் பிசைந்த மாதிரி கலந்திருக்கும். பிரித்தெடுப்பது கடினம். அதனால்தான் கத்தி வைப்பதற்கு முன்னால் எது என்று தெரிய வேண்டும் என்கிறேன்.

நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தொழுநோய். அதிலும் நரம்பு தடிக்கும், குறிப்பாக முழங்கைக்குப் பின்னால். கூடவே தோலில் வெளிறிய அல்லது சிவந்த, உணர்வில்லாத படை இருக்கும். 1940களின் இறுதியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி அசைவு கொடுத்துக் காட்டினார். என்னிடம் வந்த அந்த அம்மாவுக்குப் பிறகு கை கொடுத்ததும் அந்த வழியில் வந்த வித்தைதான். இன்று தொழுநோய்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கூட்டு மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். வெட்கப்பட்டு மறைக்க ஒன்றுமில்லை.

என் உரை முடிந்தது. கேள்வி கேட்கலாம்.

(கேள்வி: எங்க பேரனுக்கு உடம்புல காபி கலர்ல மச்சம் மாதிரி நிறைய இருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?)

நல்ல கேள்விம்மா. ஒன்றிரண்டு இருந்தால் பயமில்லை. ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்ற மரபணு நோய் ஏறக்குறைய மூவாயிரம் பேரில் ஒருவருக்கு வருகிறது. அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் அந்தத் திட்டுகள்தான். இரண்டாம் வகை இதைவிட அரிது. அதில் இரண்டு காது நரம்பிலும் கட்டி வரும்.

(கேள்வி: எப்போ உடனே ஓடணும் சார்?)

நான்கு விஷயம். பத்து வருடம் சும்மா இருந்த கட்டி சில வாரங்களில் மளமளவென்று வளர்ந்தால். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்தால். கை கால் பலம் குறைந்தால். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஒரு எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக, ஆழத்தில் இருந்தால். இந்த நான்கில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம்.

(கேள்வி: இதுக்கு மெட்ராஸ் போகணுமா?)

முதல் பரிசோதனைக்கு தென்காசி அரசு தலைமை மருத்துவமனை போதும். அடுத்த கட்டத்துக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1965இல் தொடங்கியது, நம் பக்கத்துக்கு அதுதான் பெரிய வாசல். முதல்வரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் எடுத்துக்கொண்டு போய், எது அதில் வரும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே போனாலும் ஒரு கேள்வியை மட்டும் தைரியமாகக் கேளுங்கள்: “டாக்டர், இது நரம்போடு சேர்ந்த கட்டியா என்று பார்த்துவிட்டீர்களா?” கோபித்துக்கொள்ளும் டாக்டர் கோபித்துக்கொள்ளட்டும். அன்றைக்கு அந்த அம்மா என்னிடம் இதைக் கேட்டிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். ஆனால் கட்டாயம் ஒருமுறை தட்டிப் பார்த்திருப்பேன்.

முழங்கால் நண்பருக்கு அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. நல்லபடியாகத் திரும்பி வந்து, அடுத்த சாரலுக்கு நம்மோடு குற்றாலம் வருவார்.  சுக்குக் காபி ஆறுவதற்குள் எழுந்திருங்கள்.